கிட்டார் ‘வா’ என்பது எப்படி?

‘ஊ’ என்று தொடங்கி ‘ஆ’ என்று மெல்ல முடித்துப் பாருங்கள். சுருதி மாறவில்லை, வாயின் வடிவம் மாறியதால் ஒலியின் தன்மை மாறியது அல்லவா? மின்கிட்டாரின் ‘வா’ பெடலும் இதையே செய்கிறது. 1966இல் அமெரிக்காவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் இதை அமைத்தார். பெடலை மிதிக்க, ஓங்கி ஒலிக்கும் அதிர்வெண் பட்டை சுமார் 400 ஹெர்ட்சிலிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரை நகர்கிறது.

விருதுநகர், சிவகாசித் திருவிழா மேடைகளில் வாசிக்க எதை வாங்குவது? பழைய வகையில் ஒரு பற்சக்கரம் மாறு மின்தடையைச் சுழற்றும். கரிசல் புழுதி புகுந்தாலோ, தேய்ந்தாலோ அது கரகரக்கும். பற்றவைக்கத் தெரிந்தவர் மாற்றிவிடலாம். ஒளியுணரி வகையில் மின்தடை உரசித் தேய்வதில்லை.

வாங்குமுன், கம்பியை மீட்டாமல் பெடலை மட்டும் அசைத்துக் கேளுங்கள். கரகரத்தால் வேண்டாம்!