கையொப்பமும் களவும்: ஓவிய உலகக் குற்றப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

துப்பறியும் திரைப்படங்களை வெறும் பொழுதுபோக்கு எனவும், உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் சரக்கு எனவும் ஒதுக்கிவிடுதல் முற்போக்கு விமரிசகரிடையே நெடுங்காலம் வழக்கமாக இருந்து வந்துள்ளது. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஓவியக் களவு, போலி ஓவியம், ஏலம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட குற்றப்படங்கள், தம்மை அறியாமலே ஒரு முக்கியமான வினாவை எழுப்பிவிடுகின்றன: ஓர் ஓவியத்தின் பெறுமதி எங்கிருந்து பிறக்கின்றது? ஏனைய குற்றப்படங்களிலே திருடப்படுவது பணமோ நகையோ ஆகும். அவற்றின் விலைபற்றி எவரும் ஐயுறுவதில்லை. ஓவியத்தின் நிலை வேறு. துணியும் வண்ணமும் அவற்றிற் படிந்த உழைப்பும் மாறாதிருக்க, மூலையிலுள்ள கையொப்பம் மாறியதும் விலையும் மாறிவிடுகின்றது.

வில்லியம் வைலர் 1966 இல் நெறிப்படுத்திய 'ஹவ் டு ஸ்டீல் எ மில்லியன்' இதனை நகைச்சுவையாக்கியது. பாரிஸ் நூதனசாலையொன்றிற்கு இரவலாக வழங்கப்பட்ட, செல்லினி செதுக்கியதெனக் கருதப்படும் சிலையொன்று பத்து லட்சம் டொலருக்குக் காப்புறுதி செய்யப்படுகின்றது. காப்புறுதிக்காக நிபுணர் சோதித்தால் அது போலியென்பது வெளிப்பட்டுவிடும். ஆகவே உரிமையாளரின் மகளே அதனைத் திருட முனைகின்றாள். பெறுமதியற்றது என்பது தெரியாதிருக்கும் பொருட்டே ஒரு பொருள் திருடப்படுகின்றது! வைலர் இம்முரணைச் சிரித்துக் கடந்துவிடுகின்றார்.

சிரித்துக் கடக்காதவர் பிரிட்ஸ் லாங். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933 இல் ஜேர்மனியை விட்டு வெளியேறிய இந்நெறியாளர், அமெரிக்காவில் 1945 இல் ஆக்கிய 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்', ழான் ரெனுவார் 1931 இல் 'லா ஷியென்' எனப் படமாக்கிய அதே நாவலைத் தழுவியதாகும். எட்வேட் ஜி. றொபின்சன் நடித்த கிறிஸ் குரொஸ் ஒரு காசாளர். இருபத்தைந்து ஆண்டுச் சேவைக்கு முதலாளி அளிக்கும் தங்கக் கடிகாரத்தோடு படம் தொடங்குகின்றது. ஞாயிற்றுக்கிழமைகளிலே, மனைவியின் ஏச்சுக்கஞ்சிக் குளியலறையில் ஒதுங்கி அவன் ஓவியம் தீட்டுகின்றான். பிறர் பணத்தை எண்ணுவது அவனது தொழில். ஓவியமோ விலை எதிர்பாராத உழைப்பு. கிற்றி என்னும் பெண்ணும் அவளது காதலன் ஜொனியும் அவனைச் செல்வந்த ஓவியனென நம்பி ஏமாற்றுகின்றனர். அவர்களுக்காக அவன் நிறுவனப் பணத்தைத் திருடுகின்றான். அவனுடைய ஓவியங்களோ கிற்றியின் பெயரில் விற்பனைக்கு வருகின்றன; விமரிசகர் வியக்கின்றார், வணிகர் வாங்குகின்றார்.

இவ்விடத்திலே படத்தின் மையம் உள்ளது. உண்மையை அறிந்த கிறிஸ் சினங்கொள்வதில்லை, மகிழ்ச்சியடைகின்றான். தன் பெயரிலே எவரும் ஏறெடுத்துப் பாராத ஓவியம் அவள் பெயரிலேனும் மதிக்கப்படுகின்றதே என்பது அவன் ஆறுதல். உழைப்பின் விளைபொருள் உழைத்தவனுக்கெதிராக அந்நியப் பொருளாக நிற்கின்றது என மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் விளக்கிய நிலையை இவ்வளவு எளிமையாகக் காட்டிய குற்றப்படம் பிறிதொன்றை யான் கண்டதில்லை. பின்னர் அவன் கிற்றியைக் கொல்கின்றான். ஜொனி மின்னாற்கதிரையில் மடிகின்றான். நீதிமன்றத்திலே தனக்கு ஓவியம் வரையத் தெரியாதெனக் கிறிஸ் சாட்சியம் கூறுவது கொலையை மறைக்கும் பொய் மட்டுமன்று; சந்தை ஏற்கெனவே அளித்துவிட்ட தீர்ப்பை அவன் தன் வாயாலே வழிமொழிதலுமாகும். இறுதியில் வீடற்றவனாக அலையும் அவன் கண்முன்னே, அவன் தீட்டிய கிற்றியின் உருவப்படம் பத்தாயிரம் டொலருக்கு விலைபோகின்றது. 1946 ஜனவரியில் நியூயோர்க் மாநிலத் தணிக்கையாளர் இப்படத்தைத் தடைசெய்தனர். சிறு வெட்டுக்களின் பின்னரே தடை நீங்கியது. கொலைகாரன் சட்டத்திற்குத் தப்புவது அக்காலத் தணிக்கை மரபுக்கு ஒவ்வாததாயிருந்தது. ஓவியம் களவாடப்பட்டமை பற்றிக் கவலைப்பட்டவர் இலர்.

விம் வெண்டர்ஸின் 'தி அமெரிக்கன் பிரெண்ட்' (1977) மற்றொரு படி முன்செல்கின்றது. இறந்துவிட்டதாக நம்பப்படும் ஓவியன் ஒருவன் நியூயோர்க்கில் மறைந்திருந்து தன் பாணியிலேயே தொடர்ந்து வரைய, றிப்ளி அவற்றை ஹம்பேர்க்கில் ஏலத்தில் விற்கின்றான். செத்த ஓவியனுக்கே விலை அதிகம். ஆகவே உயிரோடிருப்பவன் தன்னைத்தானே போலிசெய்ய வேண்டியுள்ளது. ஏலத்திலே நீல நிறம் மாறியிருப்பதைக் கவனிப்பவன் நிபுணனல்லன், சட்டம் செய்யும் கைவினைஞன். ஆனால் பண்டங்களைக் கையால் அறிந்த அவனே, நோயுற்ற நிலையில் தன் குடும்பத்திற்குப் பணம் தேடிக் கூலிக்குக் கொலைசெய்பவனாக மாற்றப்படுகின்றான்.

நிகழ்வுலகு சிலவேளை திரையை விஞ்சிவிடுகின்றது. கோயா தீட்டிய வெலிங்டன் கோமகனின் உருவப்படத்தை 140,000 பவுண் கொடுத்து பிரித்தானியா நாட்டிலேயே நிறுத்திக்கொண்டது. 1961 ஓகஸ்டில் அது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலிருந்து களவுபோயிற்று. அடுத்த ஆண்டில் வெளிவந்த 'டொக்டர் நோ' படத்தில், அவ்வோவியத்தின் பிரதி வில்லனின் மாளிகையில் வைக்கப்பட்டது. கலையைத் திருடுபவன் கோடீசுவரச் சதிகாரனே என்பது திரையின் கற்பனை. உண்மையில் 1965 இல் விசாரணைக்கு வந்தவர் நியூகாசிலைச் சேர்ந்த கெம்ப்டன் பன்ரன் என்ற வறிய ஓய்வூதியர். ஓவியத்திற்கு ஈடாகப் பெறும் பணத்தால் முதியோரின் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தைச் செலுத்தலாமென்பது அவரது எண்ணம். 2020 இல் றொஜர் மிச்செல் ஆக்கிய 'தி டியூக்' இதனை இனிய குடும்பக் கதையாகக் குழைத்துவிட்டது. அதிலுள்ள வர்க்கக் கோபம் புன்னகைக்குள் அமிழ்ந்துபோகின்றது. ஓவியத்தைத் திருப்பியளித்தவர் அதனை நிரந்தரமாக வைத்திருக்கும் நோக்கமுடையவரல்லர் என்ற வாதத்தின் பின்னர், யூரிமார் ஓவியத்தைத் திருடிய குற்றத்திலிருந்து பன்ரனை விடுவித்தனர். திரும்பி வராத சட்டத்தைத் திருடியமைக்கு மட்டும் அவருக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. இவ்வோட்டையை அடைப்பதற்காக, பொதுமக்களுக்குக் காட்சிக்கு வைக்கப்பட்ட பொருள்களை அகற்றுதலைத் தனிக் குற்றமாக்கும் பிரிவொன்று 1968 ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்திலே சேர்க்கப்பட்டது.