கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்: அந்த 59 சதவீதத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு?

எங்க ஊர் ஆர்.எஸ்.மங்கலம். மழை பெஞ்சா வரப்புலயும் கண்மாய்க் கரையிலயும் கீழாநெல்லி தானா முளைக்கும். யாருக்காவது கண்ணு மஞ்சளாச்சுன்னா, "அதை அரைச்சு மோர்ல குடு"ன்னு சொல்ல ஒரு அப்பத்தா கண்டிப்பா இருப்பாங்க. சென்னை, பெங்களூர்ல இருக்கற நமக்கும் போன்ல அதே வைத்தியம்தான் வரும். அது வேலை செய்யுதா?

முதல்ல, மஞ்சள் காமாலைங்கறது நோய் இல்ல, ஒரு எரர் மெசேஜ். ரத்தத்துல பிலிரூபின் ஏறியிருக்குன்னு மட்டும்தான் சொல்லும். காரணம் வைரஸா, குடியா, மாத்திரையா, பித்தக்கல்லான்னு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்.

கல்லீரலைத் தாக்கும் முக்கிய ஹெபடைடிஸ் வைரஸ்கள் அஞ்சு. ஏ, இ ரெண்டும் பெரும்பாலும் மலம் கலந்த தண்ணி, சாப்பாடு வழியா பரவும். 1955-56ல் டெல்லி குடிநீர்ல சாக்கடை கலந்து, சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்துச்சு. அது இ வகைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. கர்ப்பிணிகளுக்கு இ உயிருக்கே ஆபத்தாகலாம். மத்தபடி ஏ, இ ரெண்டும் பெரும்பாலானவங்களுக்குச் சில வாரங்கள்ல தானா சரியாயிடும். கீழாநெல்லி குடிச்சாலும் சரியாகும், குடிக்காட்டியும் சரியாகும். பேரு மட்டும் கீழாநெல்லிக்குப் போயிடும்.

பி, சி, டி வேற கதை. ரத்தம், ஒரே ஊசி, ரேசர், சுத்தமில்லாத டாட்டூ ஊசி, உடலுறவு, பிரசவத்துல தாயிடமிருந்து பிள்ளைக்கு – இப்படிப் பரவும். டி, பி இருக்கறவங்களுக்கு மட்டும்தான் வரும். பல வருஷம் அறிகுறியே இல்லாம இருந்து, கல்லீரல் சுருக்கம், புற்றுநோய்னு போய் நிக்கலாம்.

இப்ப 1988. சென்னையில எஸ்.பி.தியாகராஜன் குழு, பி வைரஸைக் கண்டுபிடிச்சு 1976ல் நோபல் வாங்கின பிளம்பர்க்கோட சேர்ந்து, லான்செட் இதழ்ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு, அதாவது 59 சதவீதம் பேருக்கு, ரத்தத்துல பி-யோட அடையாளம் மறைஞ்சது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்கு மட்டும்தான். உலகமே திரும்பிப் பார்த்துச்சு. ஆனா தாய்லாந்து உட்பட மத்த இடங்கள்ல செஞ்ச சோதனைகள்ல அந்த ரிசல்ட் வரல. 2011ல் காக்ரேன் ஆய்வு எல்லாத்தையும் தொகுத்துப் பார்த்து, நம்பத்தகுந்த ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு. நம்ம பாஷையில, ஒரு மெஷின்ல ஓடின கோடு மத்த மெஷின்கள்ல ஓடல. அதை ரிலீஸ் பண்ண முடியாது.

ஓடுற மருந்து இப்ப இருக்கு. சி-க்கு பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை, 95 சதவீதத்துக்கு மேல குணம். பி-யை டெனோபோவிர் மாதிரி மாத்திரை அடக்கி வைக்கும். 2018 ஜூலை 28ல் தொடங்கின தேசிய திட்டத்துல பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள்ள பி தடுப்பூசி போடணும். பிறக்கும்போது தொத்தினா 90 சதவீதம் வரைக்கும் நாள்பட்டதா மாறிடும். பெரியவங்களுக்கு வழக்கமா 0, 1, 6 மாசம்னு மூணு ஊசி. காமாலையோட குழப்பம், அசாத்தியத் தூக்கம், ரத்தக் கசிவு இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அப்பத்தாகிட்ட சண்டை போட வேணாம். "டெஸ்ட் எடுத்துட்டு வந்து பேசலாம் அப்பத்தா"ன்னு சொல்லுங்க, போதும்.