வலியைச் சொல்லத் தெரியாதவர்கள்: கற்றல் குறைபாடுள்ள பெரியவர்களும் பிசியோதெரபியும்

உங்கள் வீட்டில் கற்றல் குறைபாடுள்ள மகனோ மகளோ, அண்ணனோ தங்கையோ இருக்கிறாரா? தினமும் தோட்டத்துக் கடைவரை நடந்து போய் வந்தவர், சில வாரங்களாக வாசற்படியைவிட்டு எழ மறுக்கிறாரா? ‘பிடிவாதம்’ என்று விட்டுவிடாதீர்கள். முழங்கால் வலிக்கலாம். செருப்பு கடிக்கலாம். கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கலாம். அதை வாயால் சொல்ல அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

வலியின் அடையாளங்கள்

• நடை மாறுதல், ஒரு காலை ஊன்றத் தயங்குதல்
• படி ஏற மறுத்தல், அடிக்கடி விழுதல்
• காரணமின்றிக் கோபம், தன்னைத்தானே அடித்துக்கொள்ளுதல்
• தூக்கமும் சாப்பாடும் குறைதல்

கவனம்: டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேலெலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்ந்திருக்கும். கழுத்து வலி, தலை ஒரு பக்கம் சாய்தல், கைகால் பலவீனம், நடையில் தடுமாற்றம், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை புதிதாகத் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக் கழுத்தை உருவிவிட வேண்டாம்.

பிசியோதெரபிஸ்ட் என்ன செய்வார்?

பள்ளிப் பருவம் முடிந்ததும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. பெரியவர்களுக்கும் பிசியோதெரபி உண்டு. சிகிச்சையாளர் நோயாளியிடமே முதலில் பேசுவார். அவர் நடப்பதையும், உட்கார்ந்து எழுவதையும், செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதையும் கவனிப்பார். ஆகவே, வழக்கமாக அணியும் செருப்பையே போட்டு அழைத்து வாருங்கள். பயிற்சியை வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கற்றுக்கொடுப்பார். முதல் நாள் அவர் ஒத்துழைக்காவிட்டால் வெட்கப்பட வேண்டாம். பழகச் சில வருகைகள் ஆகலாம்.

எப்போது, எது மாறியது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

• பயிற்சியைத் தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். உதாரணமாக, மாலைத் தேநீருக்கு முன். நீங்களும் சேர்ந்து செய்யுங்கள்.
• வாசல் பெருக்குவது, துணி காயப்போடுவது, கடைக்கு நடப்பது எல்லாமே பயிற்சிதான். ‘பாவம்’ என்று எல்லாவற்றையும் நீங்களே செய்தால் அவருடைய தசைகள் பலம் இழக்கும்.
• சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுத்தபடி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் போகலாம்.

உங்களுக்கும் வயதாகிறது. அவரைத் தூக்கிவிட உங்கள் முதுகு என்றும் இடம் கொடுக்காது. அவர் தானே எழுந்து நடந்தால் இருவருக்கும் நல்லது.

எங்கே செல்வது?

முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். தேவையானால் சிரம்பான் துவாங்கு ஜாபார், கோலப்பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா, போர்ட்டிக்சன் போன்ற மருத்துவமனைகளுக்குக் கடிதம் கொடுப்பார். தோட்டத்திலிருந்து வர வாகன வசதி இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். மற்ற பரிசோதனைகளையும் அதே நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஓ.கே.யு. அட்டை இன்னும் எடுக்கவில்லையா? சமூக நல இலாகாவில் இலவசமாகப் பதியலாம். கற்றல் குறைபாடும் அதில் ஒரு பிரிவு. அட்டையுள்ள குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் கட்டண விலக்கு உண்டு. 1984-இல் திரெங்கானு, பத்து ராகிட்டில் தொடங்கிய பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையங்கள் இன்று நாடெங்கும் உள்ளன. உங்கள் வட்டாரத்து மையத்தைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

அவர் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். நடை மாறினால் அழைத்து வாருங்கள்.