தோளுக்கு லேசு... கழுத்துக்குப் பாரம்!

மே, ஜூன் மாதம் வந்தால் போதும், என் கிளினிக்கில் நோயைப் பற்றிய பேச்சு முடிந்ததும் இன்னொரு பேச்சு ஆரம்பித்துவிடும்.

‘‘பொண்ணு காலேஜ்ல சேரப் போறா டாக்டர். சின்னதா ஒரு லேப்டாப் பார்த்து வெச்சிருக்கோம். ஒரு கிலோதான் இருக்கு. பெரிசு வாங்கற காசுல பாதிகூட ஆகாது. வாங்கலாமா?’’

கம்ப்யூட்டர் கடையில் கேட்க வேண்டியதை சித்த மருத்துவரிடம் கேட்கிறார்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். என்னைக் கேட்டால், இது மருத்துவரிடமும் கேட்க வேண்டிய கேள்விதான்! விலையையும் எடையையும் கடைக்காரர் சொல்லிவிடுவார். அந்தக் குட்டி மெஷின் முன்னால் தினமும் நாலு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் கழுத்து என்ன ஆகும் என்பதை அவர் சொல்ல மாட்டார். அந்தக் கழுத்து கடைசியில் வந்து சேர்வது எங்களைப் போன்றவர்களிடம்தான்.

இந்த மினி லேப்டாப் மோகம் இன்று நேற்று வந்ததல்ல. 2005-ல் அமெரிக்காவைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்டே, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலரில் லேப்டாப் தருவோம் என்று அறிவித்தார். 100 டாலரில் முடியவில்லை. கிட்டத்தட்ட 200 டாலர் ஆகிவிட்டது. ஆனால், ‘இவ்வளவு மலிவாகவும் செய்யலாம் போலிருக்கிறதே’ என்ற எண்ணம் கம்பெனிகளைப் பிடித்துக்கொண்டது. 2007 அக்டோபரில் தைவான் நாட்டு ஆசஸ் கம்பெனி ‘ஈ பி.சி.’ என்ற குட்டி மெஷினைக் கொண்டுவந்தது. ஏழே அங்குல ஸ்கிரீன், ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. 2008 ஜனவரியில் நம் ஊர் எச்.சி.எல். கம்பெனி ‘மைலீப்’ என்ற பெயரில் 14 ஆயிரம் ரூபாய்க்குள் ஒன்றைக் கொண்டுவந்தது. ‘நெட்புக்’ என்று இவற்றுக்குப் பொதுவாக ஒரு பெயரும் வைத்தார்கள். கொஞ்ச நாள் சக்கைப்போடு போட்டது. 2010-ல் ஐபேட் வந்த பிறகு மவுசு குறைந்து, 2013 பிறந்தபோது ஆசஸ், ஏசர் இரண்டு கம்பெனிகளுமே நெட்புக் செய்வதை நிறுத்திவிட்டன.

பெயர்தான் போனது, ஆசை போகவில்லை. 11.6 அங்குல ஸ்கிரீனோடு குரோம்புக் என்றும், மினி லேப்டாப் என்றும் அதே சரக்கு மறுபடி மறுபடி வருகிறது. 2023 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஜியோபுக், 990 கிராம் எடை, 16,499 ரூபாய் விலை என்றுதான் விளம்பரமானது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை குறைவு என்பது சாதாரண விஷயம் இல்லை. குழந்தையின் புத்தகப் பை அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020-ம் வருட பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. 40 கிலோ எடையுள்ள ஒரு பிளஸ் ஒன் மாணவி நாலு கிலோதான் சுமக்கலாம். அதில் இரண்டேகால் கிலோ லேப்டாப்பும் அதன் சார்ஜரும் போய் உட்கார்ந்தால் புத்தகத்துக்கு எங்கே இடம்? பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிற பிள்ளைக்கு ஒரு கிலோ குறைவது பெரிய உபகாரம்.

சூடும் குறைவு. இந்தக் குட்டி மெஷின்களில் இருக்கும் சிப் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது. சிலவற்றில் ஃபேன்கூடக் கிடையாது. பெரிய லேப்டாப்பை மணிக்கணக்கில் தொடைமேல் வைத்திருந்தால் தோலில் வலை பின்னியதுபோலப் பழுப்பு நிறத் தழும்பு விழுவதுண்டு. 12 வயதுப் பையன் ஒருவனுக்கு அப்படி வந்ததை ஸ்விட்சர்லாந்து டாக்டர்கள் 2010-ல் ஒரு குழந்தை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். மினி லேப்டாப்பில் அந்த பயம் குறைவு. அதற்காக மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்து ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை.

சரி, வில்லங்கம் எங்கே இருக்கிறது?

லேப்டாப்பின் அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. ஸ்கிரீனும் கீ-போர்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் ஸ்கிரீன் பள்ளத்தில் போய்விடும். கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கையை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு டைப் அடிக்க வேண்டும். கையா, கழுத்தா என்று வந்தால் எல்லோரும் கழுத்தைத்தான் பலி கொடுக்கிறோம். பெரிய லேப்டாப்பிலும் இது உண்டு. மினியில் இன்னும் மோசம். 15.6 அங்குல லேப்டாப்பின் ஸ்கிரீன் சுமார் 19 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். 11.6 அங்குலத்தில் அது 14 சென்டிமீட்டர்தான். அதாவது, பார்வை இன்னும் ஐந்து சென்டிமீட்டர் கீழே இறங்க வேண்டும்.

எழுத்தும் சிறுத்துவிடுகிறது. பெரிய ஸ்கிரீனில் இருக்கும் அதே எண்ணிக்கைப் புள்ளிகளைச் சின்ன ஸ்கிரீனில் அடைத்திருந்தால், எழுத்தின் அளவு கால் பங்கு குறைந்துபோகும். படிக்க முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். இது போதாதென்று, விலை மலிவான ஸ்கிரீன்கள் பலவற்றில் ஒரே ஒரு கோணத்தில் பார்த்தால்தான் நிறம் சரியாகத் தெரியும். கொஞ்சம் நிமிர்ந்தால் வெளிறிவிடும், சாய்ந்தால் இருண்டுவிடும். மெஷின் சொன்ன கோணத்துக்கு மனிதர் வளைந்து கொடுக்க வேண்டியதுதான்!

குனிந்தால் என்ன ஆகிறது? கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை நிபுணர் 2014-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். தலையை நேராக வைத்திருக்கும்போது கழுத்துக்குச் சுமை ஏறக்குறைய ஐந்து கிலோ. 15 டிகிரி குனிந்தால் அது 12 கிலோ ஆகிறது. 30 டிகிரியில் 18 கிலோ. 60 டிகிரியில் 27 கிலோ! இது கம்ப்யூட்டரில் போட்ட மாதிரிக் கணக்கு. ஒவ்வொருவர் கழுத்துக்கும் கிராம் சுத்தமாகப் பொருந்தாது. ஆனாலும் விஷயம் புரிகிறது இல்லையா? பையில் ஒரு கிலோ குறைத்து, கழுத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோ ஏற்றிக்கொள்கிறோம்.

என்னிடம் வந்த ஒரு பி.காம். மாணவிக்கு 20 வயதுதான். வலது தோள்பட்டையில் பாறாங்கல்லை வைத்ததுபோல இருக்கிறது, காலையில் தலையைத் திருப்ப முடியவில்லை என்றாள். ஹாஸ்டல் கட்டிலில் சப்பணம் போட்டு, மினி லேப்டாப்பை மடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை வேலை செய்கிற பெண். ‘‘எப்படி உட்காருவேன்னு காட்டும்மா’’ என்றேன். உட்கார்ந்து காட்டினாள். தாடை நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது! அவள் அம்மா, ‘‘பை கனமா இருக்குமேன்னுதான் டாக்டர் சின்னதா வாங்கிக் கொடுத்தோம்’’ என்றார். அவர் நினைத்ததில் தப்பே இல்லை. பையின் கனம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கழுத்தின் கனம் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சித்த மருத்துவத்தில் கழுத்தெலும்புத் தேய்வையொட்டி வரும் வலியை ‘சகன வாதம்’ என்போம். கை, கால்களை நீட்டி மடக்கி இயக்குவது வியானன் என்ற வாயுவின் வேலை. ஒரே நிலையில் அசையாமல் கிடப்பது, கண் விழிப்பது, வேளை தவறிச் சாப்பிடுவது, ஏ.சி. காற்று நேராகக் கழுத்தில் படுவது... எல்லாமே வாதத்தைக் கிளப்பிவிடும். நாற்பது, ஐம்பது வயதில் பார்க்க வேண்டிய வலியை இருபது வயதில் பார்க்கிறேன். நல்லவேளையாக, அந்த வயதில் பெரும்பாலும் தசை இறுக்கத்தோடு நிற்கிறது, எலும்புவரை போவதில்லை. அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான். உட்காரும் முறையை மாற்றி, உளுந்துத் தைலம் தடவி, நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுக்கச் சொன்னேன். சூட்டை முதலில் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கழுத்தில் வைக்க வேண்டும். மூன்றே வாரத்தில் நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால், ஒரு விஷயத்தில் விளையாட்டு கூடாது. வலி கை வழியாக இறங்கி விரல் மரத்துப்போவது, டம்ளர் கை நழுவுவது, நடையில் தள்ளாட்டம்... இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தைலம், ஒற்றடம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. இதைச் சொல்ல சித்த மருத்துவரான எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. இன்னொன்று, சலூனில் தலையைப் பிடித்து ‘சடக்’கென்று நெட்டி எடுக்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அதில் கிழிந்துபோன சம்பவங்கள் உண்டு.

கைக்கு வருவோம். முழு அளவு கீ-போர்டில் ஒரு எழுத்தின் நடுவிலிருந்து அடுத்த எழுத்தின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர் தூரம் இருக்கும். மினியில் இதைச் சுருக்கிவிடுவார்கள். இரண்டு கைகளும் நெருங்கி வரும்போது மணிக்கட்டு சுண்டு விரல் பக்கமாக வளைந்தபடியே வேலை செய்கிறது. எப்போதாவது ஒரு கடிதம் அடிக்கப் பரவாயில்லை. புராஜெக்ட் ரிப்போர்ட் நாற்பது பக்கம் அடித்தால் மணிக்கட்டு தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

கண்ணைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் நீட்டப் போவதில்லை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைக்கும் கண், ஸ்கிரீனை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. எரிச்சலுக்குக் காரணம் இந்த வறட்சிதான். அதற்காகக் கண்ணில் தேன் விடுவது, தாய்ப்பால் விடுவது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பாருங்கள், போதும். எழுத்தின் அளவை செட்டிங்கில் போய்ப் பெரிதாக்கிவிடுங்கள். ஸ்கிரீனில் வரிகள் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

மெஷினின் வேகமும் உடம்போடு சம்பந்தப்பட்டதுதான். மலிவு மினிகளில் 4 ஜி.பி. மெமரியும் 64 ஜி.பி. இடமும்தான் பெரும்பாலும் இருக்கும். விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தபட்சம் வேண்டியதே அவ்வளவுதான்! வீட்டுக்கு வரும்போதே மூச்சுத் திணறலோடு வருகிற மெஷின் அது. பின்னால் மெமரி கூட்டலாம் என்றால், பலவற்றில் எல்லாவற்றையும் போர்டோடு சேர்த்து ஈயம் வைத்துவிடுகிறார்கள். பத்து நிமிட வேலை அரை மணி ஆனால், அரை மணி நேரமும் அதே குனிந்த கழுத்துதானே?

அப்படியானால் வாங்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்து, வெளியே எடுத்துப்போக மட்டும் ஒன்று வேண்டும் என்றால் மினி அருமையான பொருள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதி, அவ்வப்போது குறிப்பெடுக்கும் டீச்சர்... இவர்களெல்லாம் தாராளமாக வாங்கலாம். மூன்று வருடப் படிப்புக்கு அது ஒன்றுதான் கதி என்றால் யோசியுங்கள். கொஞ்சம் கூடுதலாகப் போட்டு 14 அங்குலம் வாங்க முடிந்தால் அதுதான் என் ஓட்டு.

பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை, மினிதான் என்று முடிவானால், மிச்சமாகும் பணத்தில் சில நூறு ரூபாயை ஒதுக்கித் தனியாக ஒரு முழு அளவு கீ-போர்டும் மவுஸும் வாங்கிவிடுங்கள். அது ஹாஸ்டல் மேஜையிலேயே இருக்கட்டும், பையில் தூக்க வேண்டாம். மினியைத் திறந்து பழைய புத்தகக் கட்டின்மேல் வைத்து, ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்வரை உயர்த்துங்கள். தீபாவளி மலர்கள் நாலைந்து இருந்தால் போதும், ஸ்டாண்டே வேண்டாம்! கட்டிலில் சப்பணம் மட்டும் கூடாது. பாதம் தரையில் படும்படி நாற்காலியில் உட்கார வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு டம்ளர் தண்ணீராவது குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூமில் நின்றுகொண்டு மூடியைத் திறந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நாற்காலி கேட்டு உட்காரவைத்து, பத்து நிமிடம் எதையாவது டைப் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மெஷினைப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பிள்ளையின் காதையும் தோளையும் கவனியுங்கள். காது தோளுக்கு நேராக இருக்கிறதா, முன்னால் போய்விட்டதா என்று பாருங்கள். கடைக்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.