உடுப்பின் கதை – 6: நீலச் சட்டையில் வந்த எதிரி

1861 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. வர்ஜீனியாவில் மனாஸஸ் ஊருக்கு அருகே ஹென்றி குன்று. வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் இடையிலான அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய மோதல் அங்கே நடந்துகொண்டிருந்தது. வடக்குப் படையின் கேப்டன் சார்லஸ் கிரிஃபின், தன் பீரங்கிகளில் இரண்டை வலப்பக்கமாக நகர்த்தி நிறுத்தியிருந்தார். அப்போது ஒரு காலாட்படை அவரை நோக்கி வந்தது. உடம்பெல்லாம் நீலச் சட்டை.

எதிரிதான் என்று கிரிஃபினுக்குப் பட்டது. சுடுவதற்கு ஆயத்தமானார். மேலதிகாரி மேஜர் வில்லியம் பாரி தடுத்துவிட்டார். பீரங்கிகளுக்குக் காவலாக வரும் நம் ஆட்கள் என்று அவர் நம்பினார். கிரிஃபின் வாதாடிப் பார்த்துவிட்டு அடங்கினார். வந்தவர்கள் நெருங்கி நின்று ஒரே வீச்சில் சுட்டார்கள். பீரங்கிக்காரர்களும் குதிரைகளும் நின்ற இடத்திலேயே சரிந்தனர். அவர்கள் தெற்கின் 33-ஆம் வர்ஜீனியா ரெஜிமென்ட். அன்றைய போர் தெற்கின் பக்கம் திரும்பியது அந்தக் குன்றில்தான்.

அதே குன்றில் வடக்கின் 2-ஆம் விஸ்கான்சின் ரெஜிமென்ட் சாம்பல் உடுப்பில் ஏறியது. அவர்கள்மீது சொந்தப் படையே சுட்டது.

இவ்வளவு குழப்பத்துக்குக் காரணம், போர் தொடங்கியபோது பொதுவான உடுப்பே இல்லாததுதான். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு தொண்டர் படையும் தமக்குப் பிடித்ததைத் தைத்துக்கொண்டன. அல்ஜீரியாவில் போரிட்ட பிரெஞ்சுப் படையினரைப் பார்த்து, தொளதொளத்த கால்சட்டை அணிந்த ‘சூவாவ்’ படைகள் இரு தரப்பிலும் இருந்தன. மனாஸஸில் கொடிகளும் கைகொடுக்கவில்லை. காற்றில்லாத நேரத்தில் தெற்கின் முதல் கொடிக்கும் வடக்கின் கொடிக்கும் வேற்றுமை தெரியவில்லை. அதனால்தான் தெற்கு தனியாக ஒரு போர்க்கொடியை உருவாக்கியது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே, இனி யாருக்கும் சாம்பல் உடுப்பு தைக்க வேண்டாம் என்று வடக்கின் போர்த்துறை மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

அதன்பின் வடக்குக்கு நீலம் நிலைத்தது. ஆலைகள் அங்கே இருந்தன. தையல் இயந்திரங்கள் இருந்தன. கப்பலில் அவுரிச் சாயம் தடையின்றி வந்து இறங்கியது. தெற்கின் துறைமுகங்களையோ வடக்கின் கடற்படை மறித்துக் கிடந்தது. சாம்பல்தான் தெற்கின் சட்டப்படியான நிறம். ஆனால் தாவரச் சாயத்தில் தோய்த்த அந்தச் சாம்பல், வெயிலிலும் மழையிலும் வெளுத்துப் பழுப்பாகிவிடும். வீடுகளில் நெய்த துணிக்கு அக்ரூட் இனத்து மரம் ஒன்றின் பட்டையும் காய்த்தோலும்தான் சாயம். அந்த மரத்தின் பெயராலேயே தெற்குச் சிப்பாய்களை ‘பட்டர்நட்’ என்று அழைத்தார்கள். ஓவியங்களிலும் சினிமாவிலும் நாம் பார்க்கும் பளிச்சென்ற சாம்பல் படை, போர்க்களத்தில் அபூர்வம்.

துணிக்குத் தவித்தவர்கள் எதிரியின் துணியை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. 1862 செப்டம்பரில் வடக்கின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி கிடங்கைப் பிடித்த, தெற்கின் தளபதி ஏ.பி. ஹில்லின் வீரர்களில் பலர், அங்கிருந்த புது நீல உடுப்புகளை மாட்டிக்கொண்டார்கள். அதே உடுப்பில் செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் களத்துக்குள் நுழைந்தார்கள். தங்கள் ஆட்கள் என்று வடக்கின் வீரர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கு உயிரை விலையாகக் கொடுத்தார்கள்.

மறு ஆண்டு வடக்கில் அதிபர் லிங்கனின் அரசு, சட்ட அறிஞர் பிரான்சிஸ் லீபர் வகுத்த போர் விதிகளை வெளியிட்டது. எதிரியின் உடுப்பில், தெளிவான அடையாளம் எதுவும் இல்லாமல் போரிடுபவன் உயிர்ப்பிச்சை எதிர்பார்க்க முடியாது என்றது 63-ஆம் பிரிவு. 1899-இல் ஹேக் மாநாடு, எதிரியின் சீருடையை முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அந்தத் தடை இன்றும் சர்வதேசச் சட்டத்தில் இருக்கிறது.

(தொடரும்)