மறைந்திருக்கும் எதிரி: வகுப்பறையில் ஒரு போர் விளையாட்டு

நெப்போலியன் காலப் போரை வரைபட விளையாட்டாக நடத்தும்போது, எதிரணிப் படை இருக்குமிடத்தை மறைக்கலாமா? ஆதம்பாக்கத்தில் என் எட்டாம் வகுப்பு மாணவர்கள், "மறைச்சா அது ஏமாத்து வேலை மிஸ், செஸ்ல எல்லாமே தெரியுதே" என்றார்கள்.

விடை தேட அசாயே போரை எடுத்துக்கொண்டோம். நாள்: 1803 செப்டம்பர் 23. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி, சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்த படையுடன், மராத்தியப் படையை எதிர்பாராத இடத்தில் சந்தித்தார். கைல்னா ஆற்றில் இறங்கிக் கடக்கத் துறை இல்லை என்றனர் வழிகாட்டிகள். இரு கரைகளிலும் எதிரெதிரே ஊர்கள் இருப்பதைக் கண்ட அவர், இடையே துறை இருக்க வேண்டும் என ஊகித்தார். இருந்தது.

எல்லாம் தெரியும் வரைபடத்தில் இந்த ஊகத்துக்கு இடமில்லை. முடிவு தெரிந்த நாம் அன்றைய தளபதிகளை எளிதில் குறை சொல்கிறோம். தெரியாமல் முடிவெடுத்துப் பார்த்தால்தான் அதன் கடினம் புரியும். 1824இல் பிரஷ்ய ராணுவம் ஏற்ற போர்ப்பயிற்சி விளையாட்டிலும் நடுவருக்கு மட்டுமே இரு தரப்பு நிலையும் தெரியும்.

செய்முறை எளிது. நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. இருபுறமும் ஒரே வரைபடம். நடுவராக ஒரு மாணவர். அவர் ஒவ்வொரு சுற்றிலும் புழுதி, ஊர், ஆறு என ஒரு தடயம் தருவார். படையை நகர்த்தும் முன் "எனக்குத் தெரிந்தது, நான் ஊகிப்பது" என இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வெற்றிக்கு அல்ல, காரணத்துக்கு.

தடயமே தராமல் மறைத்தால் அது தாயக்கட்டை உருட்டுவதுபோல் ஆகிவிடும். அப்போது மாணவர்கள் சொன்னதே சரி.