செரிமானப் பாதைப் புற்றுநோய்களில் துல்லிய மருத்துவம்

உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் செரிமானப் பாதைப் புற்றுநோய்கள் எனப்படுகின்றன. கட்டி எந்த உறுப்பில் உள்ளது, எவ்வளவு பரவியுள்ளது என்பவற்றோடு, அதன் செல்களிலுள்ள மரபணு மாற்றங்களையும் புரதங்களையும் அறிந்து மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முறை துல்லிய மருத்துவம் ஆகும். இது பெருநகரங்களுக்கே உரிய வசதி என்று பலர் கருதுகின்றனர். ஆனால் தேனி மாவட்டத்தின் மலையடிவார ஊரான போடிநாயக்கனூரில் வாழும் நோயாளிக்கும் இதன் முதற்படி எட்டக்கூடியதே. முறையாக எடுத்து, முறையாகப் பாதுகாக்கப்பட்ட ஒரு சிறு திசுத்துண்டுதான் அந்த முதற்படி.

வகை பிரித்தலின் தேவை

போடியில் ஏலக்காயை அளவும் நிறமும் பார்த்துத் தரம் பிரித்த பிறகே விலை சொல்வார்கள். அதுபோல, 'குடல் புற்றுநோய்' என்ற பெயரை மட்டும் வைத்து மருந்தை முடிவு செய்ய முடியாது. சில எடுத்துக்காட்டுகள்:

- பெருங்குடல், மலக்குடல்: பரவிய நிலையிலுள்ள புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் கே-ராஸ் அல்லது என்-ராஸ் மரபணு மாற்றம் காணப்படுகிறது. அவற்றில் சிடுக்சிமாப், பானிடுமுமாப் ஆகிய மருந்துகள் பயன் தருவதில்லை. சோதிக்காமல் கொடுத்தால் பணமும் காலமும் வீணாகும்.
- இரைப்பை: சில கட்டிகளில் ஹெர்-2 புரதம் மிகுந்திருக்கும். இத்தகைய நோயாளிகளுக்கு வேதிச்சிகிச்சையுடன் டிராஸ்டுசுமாப் சேர்த்தபோது, சராசரி வாழ்நாள் 11.1 மாதங்களிலிருந்து 13.8 மாதங்களாக உயர்ந்ததை 2010-இல் வெளியான டோகா ஆய்வு காட்டியது.
- டி.என்.ஏ. பிழை திருத்தக் குறைபாடு: இக்குறைபாடு உள்ள கட்டிகளுக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை நன்கு பலனளிக்கக்கூடும். 2017-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இக்குறைபாட்டை அடிப்படையாகக் கொண்டு, உறுப்பு எதுவாயினும் பயன்படுத்தலாம் என்று பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. இக்குறைபாடு பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியின் அடையாளமாகவும் இருக்கலாம். அவ்வாறெனில் நோயாளியின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு 50 விழுக்காடு. ஆகவே குடும்பத்தினரையும் பரிசோதிக்க வேண்டும்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

துல்லிய மருத்துவம் ஏழை நோயாளியை எட்டுவதற்குச் சோதனை மட்டும் போதாது. மருந்தின் விலையும் குறைய வேண்டும். ஜிஸ்ட் எனப்படும் இரைப்பை–குடல் தாங்குதிசுக் கட்டி இதற்குச் சான்று. இக்கட்டிகளில் பெரும்பாலானவை கிட் மரபணு மாற்றத்தால் வளர்கின்றன என்பது 1998-இல் தெரியவந்தது. வழக்கமான வேதிச்சிகிச்சைக்கு அடங்காத இந்நோய்க்கு, அந்த மாற்றத்தைத் தாக்கும் இமாடினிப் மாத்திரை 2002-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இங்கும் மாற்றத்தின் வகை முக்கியம். கிட் மரபணுவின் 9-ஆம் எக்சானில் மாற்றம் இருந்தால் பரவிய நோய்க்கு 400 மி.கி.க்குப் பதில் 800 மி.கி. வரை தேவைப்படலாம். பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. மரபணுவின் டி842வி மாற்றம் இருந்தால் இம்மருந்து பயன்படாது.

இமாடினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்காக நோவார்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006-இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடுகளுக்குப் பின், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. அப்போது மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்த நிறுவன மருந்துக்கு ஈடான மருந்தை, இந்திய நிறுவனங்கள் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்கு விற்றன.

போடியிலிருந்து ஆய்வகம் வரை

போடியின் தொழிலாளர்கள் பலர் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் தினக்கூலி வேலைக்குச் சென்று வருபவர்கள். ஒவ்வொரு மருத்துவப் பயணமும் அவர்களுக்கு ஒரு நாள் கூலி இழப்பு. ஆனால் எல்லாச் சோதனைகளுக்கும் நோயாளியே பயணம் செய்ய வேண்டியதில்லை. திசு பயணம் செய்யலாம்.

அகநோக்கியால் எடுத்த திசுவை உடனே, தாமதமானால் ஒரு மணி நேரத்துக்குள், 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில் இட வேண்டும். அதில் 6 முதல் 72 மணி நேரம் இருப்பது ஹெர்-2 சோதனைக்கு உகந்தது. பிறகு மெழுகுக் கட்டியாக்கினால் அறை வெப்பத்திலேயே பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கும் அனுப்பலாம். இரைப்பைக் கட்டியில் ஹெர்-2 ஓரிடத்தில் இருந்து மற்றோரிடத்தில் இல்லாமல் போகலாம் என்பதால், 6 முதல் 8 துண்டுகள் எடுப்பது நல்லது. ஹெர்-2, பிழை திருத்தப் புரதங்கள் ஆகிய இரண்டையும் சாயமேற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்தே பெரும்பாலும் அறியலாம். இதற்கு விலை உயர்ந்த மரபணு வரிசையாக்கம் தேவையில்லை.

வரம்புகள்

சோதனை செய்த எல்லோருக்கும் தனி மருந்து கிடைத்துவிடாது. பல நோயாளிகளுக்கு அறுவை, வேதிச்சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவையே இன்றும் அடிப்படை. நோய் பரவாத நிலையில் கண்டறிவதற்கு ஈடான சோதனையும் இல்லை. விழுங்குவதில் சிரமம், மலத்தில் இரத்தம், காரணமற்ற எடை இழப்பு, இரத்தசோகை ஆகியவற்றை மூலம் என்றோ அல்சர் என்றோ மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

நோயாளியின் குடும்பத்தினர் மூன்றை நினைவில் வைப்பது பயன் தரும். திசு அறிக்கையோடு மெழுகுக் கட்டி எங்குள்ளது என்று கேட்டறிய வேண்டும். இச்சோதனையின் முடிவால் சிகிச்சை மாறுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அச்செலவு அடங்குமா என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சிகிச்சை மாறாது என்றால், கடன் வாங்கி அச்சோதனையைச் செய்ய வேண்டிய தேவையில்லை.